விடுதி முற்றத்து மணல்

இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவின் தென்கரையில் கூட்டா என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் ஒடுங்கிய சந்துகளில் நாள்தோறும் காணக்கூடிய காட்சி ஒன்றிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவோம். முதுகிலே பெரும் பை சுமந்த இளந்தம்பதியர் இருவர், விமானத்தளத்திலிருந்து வந்து, மலிவான விடுதியொன்றின் படியேறுகின்றனர். அறை சிறியது, அதிலே ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, முற்றத்திலே ஒரு செவ்வரத்தை. விடியற்காலையில் வீட்டுக்குரிய பெண், தென்னங்குருத்தால் முடைந்த சிறு தட்டிலே பூவும் சோறும் வைத்து வாயிற்படியிற் படைக்கின்றாள். அதன்பின் தேநீரும் வாழைப்பழமும் வருகின்றன. நூறு அடி நடந்தாற் கடல். மாலையிற் செக்கர் வானம். ‘உலகிலே இவ்வளவு மலிவான சொர்க்கம் வேறெங்கும் இல்லை’ என்று அத்தம்பதியர் ஊருக்கு எழுதுகின்றனர்.

இவ்விருவரும் செல்வரல்லர். ஆண்டு முழுவதும் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ உழைத்துச் சிறுகச் சேர்த்த பணத்தைக்கொண்டு கடல்கடந்து வந்தவர்கள். பிற மனிதரின் நாட்டையும் வாழ்வையும் காண விழைவது நல்ல விழைவேயாகும். ஆகவே அவர்கள்மீது பழி சுமத்துவது நமது நோக்கமன்று. நாம் கேட்க விரும்புவது வேறொரு வினா. இக்கரை எவ்வாறு அமைதியான கரையாயிற்று? எவ்வாறு மலிவான கரையாயிற்று? அமைதியும் மலிவும் இயற்கையின் கொடைகள் என்று வழிகாட்டி நூல்கள் கூறும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில், மனிதரின் கைகளால், பெரும்பாலும் வன்முறையால் ஆக்கப்பட்டவை. அவ்வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குவது பயனுடைத்து.

பாலி மக்களின் மரபிலே மலைத்திசை உயர்ந்தது, கடற்றிசை தாழ்ந்தது. கோயில்களும் மனைகளும் மலையை நோக்கிய வரிசையில் அமைந்தன. செழித்த நெல்வயல்கள் உள்நாட்டில் இருந்தன. உப்புக் காற்று வீசும் மணற்கரை உழவுக்கு உதவாதது. தென்னையும் மீன்பிடித் தோணியும் உடைய எளியோரின் இருப்பிடம். இத்தகைய கரையிலே கூட்டா ஒரு சிறு துறைமுகமாய் இருந்தது. பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பாலியின் அரசர்கள் கடன்பட்டோரையும் போரிற் பிடிபட்டோரையும் அடிமைகளாக விற்றனர். அவர்களுட் பெருந்தொகையினரை வாங்கியவர்கள் பத்தாவியாவில் இருந்த ஒல்லாந்தர். நமது யாழ்ப்பாணக் கோட்டையையும் காலிக் கோட்டையையும் ஆண்ட அதே கும்பனியின் தலைநகரே பத்தாவியா என்பதை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அடிமைகளை ஏற்றிய துறைகளுள் கூட்டாவும் ஒன்று. 1839ஆம் ஆண்டிலே மாட்ஸ் லங்கே என்னும் டென்மார்க்குக்காரர் அங்கு வந்து வாணிகம் தொடங்கினார். அரிசியும் தேங்காயெண்ணெயும் கால்நடைகளும் கூட்டாவிலிருந்து கப்பலேறின. 1856இல் அவர் இறந்தார். அவரது கல்லறை இன்றும் அவ்வூரில் உண்டு. இறந்தவர்களுள் யாருக்குக் கல்லறை உண்டு, யாருக்கு இல்லை என்பது இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் எழும் வினாவாகும்.

ஒல்லாந்தர் தென்பாலியை முற்றாகக் கைப்பற்றியது மிகப் பிந்தியே. 1904ஆம் ஆண்டிலே சீன வணிகர் ஒருவருக்குரிய, ஒல்லாந்தக் கொடி தாங்கிய சிறு கப்பலொன்று சானூர்க் கரையில் உடைந்தது. கரையிலுள்ளோர் அதனைக் கொள்ளையிட்டனர் என்று கூறி, பாடுங் அரசரிடம் ஒல்லாந்தர் நட்டஈடு கேட்டனர். அரசர் மறுத்தார். இச்சிறு காரணம் போதியதாயிற்று. 1906 செப்டெம்பரில் ஒல்லாந்தப் படை சானூர்க் கரையில் இறங்கியது. அம்மாதம் 20ஆம் நாள் தென்பசாரில் அரசரும் அவருடைய குடும்பத்தினரும் ஏவலாளரும், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெண்ணிற ஆடை அணிந்து, அரண்மனையை விட்டு வெளியேறித் துப்பாக்கிகளுக்கு நேரே நடந்தனர். சரணடைவதினும் சாவது மேல் எனக் கருதிய இச்செயலை அவர்கள் மொழியிற் ‘புப்புத்தான்’ என்பர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அன்று மாண்டனர். 1908 ஏப்பிரலில் குளுங்குங் அரசகுலமும் அவ்வாறே அழிந்தது. அத்துடன் பாலி முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று.

இனி நிகழ்ந்ததைக் கவனித்தல் வேண்டும். அதே 1908ஆம் ஆண்டில் பத்தாவியாவிலே ஓர் உல்லாசப் பயணக் காரியாலயம் நிறுவப்பட்டது. 1914ஆம் ஆண்டளவில் அதன் விளம்பரங்களிற் பாலியும் இடம்பெற்றது. குருதி காய்ந்து பத்தாண்டு நிறைவதற்குள் அத்தீவு ‘இரத்தினம்’ என்று பாடப்படலாயிற்று. 1924இல் ஒல்லாந்தக் கப்பற் கும்பனி வாராந்தக் கப்பற் சேவையைத் தொடங்கியது. 1928இல் தென்பசாரில் முதற்பெரும் விடுதி எழுந்தது. 1906இல் மக்கள் மடிந்த திடலுக்கு மிக அணித்தே அது எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஐரோப்பியப் பத்திரிகைகளின் முன்னே தங்கள் கொடுமையை மறைக்கவேண்டிய தேவை ஆட்சியாளருக்கு இருந்தது. ‘நாம் அழித்தவரல்லோம், அரும்பண்பாடு ஒன்றைக் காப்பவர்’ என்று காட்டுவதற்கு ஆடலும் பாடலும் பூசையும் நிறைந்த பாலி அவர்களுக்கு உதவிற்று.

இக்காப்பு முயற்சியின் உட்கிடையை நாம் மறத்தலாகாது. ஜாவாவிலே தேசிய எழுச்சியும் தொழிலாளர் இயக்கமும் பரவிய காலம் அது. 1926ஆம் 1927ஆம் ஆண்டுகளிற் பொதுவுடைமையாளரின் கிளர்ச்சி அங்கு நசுக்கப்பட்டது. அக்கருத்துகள் பாலியை எட்டாதிருத்தல் வேண்டும் என்பது ஆட்சியாளரின் கவலை. எனவே பாலியின் இளைஞர் பழைய மொழிமுறையையும் பழைய கலையையும் சாதி ஒழுங்கையும் பேணுதல் வேண்டும் என்று கல்வித் திட்டமே வகுக்கப்பட்டது. தீவு முழுவதையும் உயிருள்ள நூதனசாலை ஆக்குவதே நோக்கம். நூதனசாலையிலுள்ள பொருள்கள் கேள்வி கேட்பதில்லை அல்லவா? அந்நூதனசாலைக்குச் செல்லும் தெருக்களை அமைத்தவர்கள் கூலி பெறாத குடியானவர்கள். ஆண்டுக்கு இத்தனை நாள் என அரசு கொண்ட கட்டாய உழைப்பு அது. நிலவரியும் அவர்கள்மீதே விழுந்தது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசியும் பன்றியும் கொப்பறாவும் விலை வீழ, வரிகட்ட நாணயம் இன்றிப் பலர் தம் நிலத்தை இழந்தனர். அதே ஆண்டுகளில் வெளிநாட்டுக் கலைஞரும் எழுத்தாளரும் பாலியைக் கவலையறியாத மக்களின் தீவு என்று எழுதிக்கொண்டிருந்தனர். அவர்கள் பொய்யுரைத்தனர் எனல் பொருந்தாது. அவர்கள் கண்டது ஆடும் மேடையை. வரிக்கணக்கு எழுதப்பட்ட மேசையை அவர்கள் காணவில்லை.

இப்பின்னணியில் 1936ஆம் ஆண்டு ஓர் அமெரிக்க இணை கூட்டாவுக்கு வந்தது. ரொபேட் கோக் என்பவரும் ஓவியரான லூயிஸ் என்பவரும் ஆளற்ற அம்மணற்கரையைக் கண்டு மகிழ்ந்து, மூங்கிலும் வைக்கோலும் கொண்டு குடில்கள் அமைத்து ஒரு விடுதி நடத்தினர். கும்பனியின் பெருவிடுதியைப் போலன்றி, உள்ளூர் வீட்டின் சாயலில் அது அமைந்தது. ஹவாய்த் தீவிற் பயின்ற அலைச்சறுக்கு விளையாட்டை கோக் கூட்டாவின் அலைகளில் ஆடிக் காட்டினார். பாலியில் அது தொடங்கியது அவராலேதான் என்பர். இன்று கூட்டாவுக்கு வரும் பயணி நாடுகின்ற யாவும், அதாவது கூரைக் குடிலும் மணலும் அலையும் எளிய உணவும் ஒருங்கே அமைந்த அந்த வாழ்வின் மாதிரி, அவ்விருவர் கையிலே உருப்பெற்றது. ஆயினும் அவ்விடுதியின் ஆயுள் ஆறாண்டைத் தாண்டவில்லை. 1942 பெப்ருவரியில் ஜப்பானியப் படை பாலியில் இறங்கியது. விருந்தினர் ஓடினர், விடுதி அழிந்தது.

போரின் பின் ஒல்லாந்தர் திரும்பி வந்தனர். அவர்களை எதிர்த்து நின்ற இளைஞர் படையின் தலைவர் குஸ்தி ங்குரா ராய். 1946 நவம்பர் 20ஆம் நாள் மார்கா என்னும் ஊரருகே அவரும் தோழரும் இறுதிவரை போரிட்டு மாண்டனர். அவரோடு வீழ்ந்தோரை 96 பேர் என்பர். இன்று நாம் கூறிய இளந்தம்பதியர் வந்திறங்கும் விமானத்தளம், கூட்டாவை ஒட்டித் தென்புறம் உள்ளது. அதன் பெயர் ங்குரா ராய் என்பதே. கடவுச்சீட்டிற் பதியும் முத்திரையில் அப்பெயரை வாசிப்போருள் அம்மனிதர் யாரென அறிந்தோர் சிலரே.

விடுதலை பெற்ற இந்தோனேசியாவில் நிலத்தின் வினா தீராதிருந்தது. பாலியின் வயல்களிற் பெரும்பகுதியை உழுதோர் வாரக்குடிகள். விளைச்சலின் பெரும்பங்கு நிலவுடைமையாளருக்குச் சென்றது. 1960இல் இந்தோனேசிய அரசு நிலச்சட்டங்களை இயற்றியது. நிலத்துக்கு உச்சவரம்பும் உழவருக்கு விளைச்சலில் நியாயப் பங்கும் சட்டத்திற் கூறப்பட்டன. சட்டம் தாளில் நின்றது. அதனை வயலுக்குக் கொண்டுவரப் பொதுவுடைமைக் கட்சியும் அதன் சார்பான விவசாயிகள் முன்னணியும் முயன்றன. 1963ஆம் ஆண்டில் ஆகூங் எரிமலை குமுறி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். வயல்கள் சாம்பலால் மூடுண்டன. உணவுப் பஞ்சம் நிலப்போராட்டத்தை மேலும் கூர்மையாக்கிற்று. ஊர்தோறும் நிலமுடையாரும் நிலமற்றாரும் எதிர்ப்பட்ட காலம் அது. பள்ளி ஆசிரியர்களுட் பலர் உழவரின் பக்கம் நின்றனர்.

1965 ஒக்தோபர் முதலாம் நாள் ஜகார்த்தாவில் இராணுவத் தளபதிகள் சிலர் கொல்லப்பட்டனர். அதனைச் சாட்டாகக் கொண்டு தளபதி சுகார்த்தோவின் இராணுவம் பொதுவுடைமைக் கட்சியை வேரோடு அழிக்க முற்பட்டது. உறுப்பினர் தொகையாலே உலகில் மூன்றாவது பெரிய பொதுவுடைமைக் கட்சி அது. அதன் உறுப்பினர்களோ படைக்கலம் அற்ற சாதாரண மக்கள். பாலியிற் கொலைகள் அவ்வாண்டு டிசெம்பரிற் பெருகின. இராணுவத்தின் ஏவலோடும் துணையோடும், எதிர்க்கட்சி இளைஞர் கூட்டங்கள் பெயர்ப் பட்டியல்களை ஏந்தி ஊர் ஊராகச் சென்றன. 1966இன் தொடக்க மாதங்கள் வரை நீடித்த இக்கொலைகளில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் ஜெப்ரி றொபின்சனின் மதிப்பீடு. இருபது இலட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழ்ந்த தீவிலே இது நூற்றுக்கு ஐவர் என்ற கணக்காகும். தீவின் ஆளுநராய் இருந்த சுதேஜா 1966இல் ஜகார்த்தாவில் அழைத்துச் செல்லப்பட்டார், அவர் திரும்பவில்லை. கொல்லப்பட்டோரிற் பலரின் உடல்கள் கடற்கரை மணலிற் புதைக்கப்பட்டன. கூட்டாவுக்கு வடக்கே நீளும் கரையிலும் அத்தகைய குழிகள் உண்டு என்பதை ஊரவர் தணிந்த குரலிலே கூறி வந்துள்ளனர். அக்கரையில் இன்று விடுதிகள் நிரையாக நிற்கின்றன.

‘சுபாவத்திலே சாந்தமான மக்கள்’ என்று பயண நூல்கள் பாலியரைப் போற்றும்போது, இந்தச் சாந்தத்தின் ஒரு பகுதி 1966இன் அச்சம் என்பதை நாம் சேர்த்துப் படித்தல் வேண்டும். நிலம் கேட்டவன் மண்ணுக்குள் போனான்; அவன் கேட்ட நிலமும் உடையவரிடமே நின்றது. சங்கம் அமைப்பார் இல்லை; கூலி உயர்வு கேட்பார் இல்லை. இனி முதலீட்டுக்கு இடையூறு என்ன? அமைதியும் மலிவும் ஒரே நாளிற் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

1966ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே சானூரில், 1906இல் ஒல்லாந்தர் இறங்கிய அக்கரையிலேயே, பத்து மாடி விடுதியொன்று திறக்கப்பட்டது. சுகார்ணோவின் ஆட்சிக் காலத்திலே தொடங்கப்பட்ட கட்டடம் அது. ஜப்பான் செலுத்திய போர் நட்டஈட்டுப் பணத்தாற் கட்டப்பட்டது. போர்க்காலத்திற் பட்டினி கிடந்த மக்களின் துயருக்கு ஈடாக வந்த பணம் வெளிநாட்டவரின் படுக்கையறைகளாயிற்று. 1969இல் ஜெட் விமானங்கள் இறங்கும் தளம் திறக்கப்பட்டது. 1971இல் பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் ஒன்று உல்லாசப் பயணத்துக்கான பெருந்திட்டத்தை அரசிடம் கையளித்தது. உலக வங்கியின் கடனோடு, தீவின் தென்முனையில் நூசா டுவா என்னும் வறண்ட நிலத்தில், வேலியிட்ட ஆடம்பர விடுதிகளின் தொகுதி ஒன்றை அமைப்பது அத்திட்டம். செல்வப் பயணிகள் அங்கே தங்குவர். பகலிற் பேருந்திலேறிப் பண்பாட்டைக் கண்டு மாலையில் திரும்புவர். பாலி மக்கள் அங்கு வேலையாட்கள். இராணுவ ஆட்சி விரும்பிய பயணி அவனே. முதுகுப்பை சுமந்தவன் அவ்வரைபடத்தில் இல்லை.

ஆனால் வரலாறு அலுவலக வரைபடங்களின் வழியே மட்டும் நடப்பதன்று. 1960களின் இறுதியிலிருந்து இலண்டனிலும் அம்ஸ்தர்தாமிலும் புறப்பட்டு, இஸ்தான்புல், தெகிரான், காபூல், தில்லி வழியாகத் தரைமார்க்கமாய்க் கிழக்கே வந்த இளைஞர் கூட்டத்தின் ஒரு கிளை பாலிவரை நீண்டது. வியட்னாம் போரை வெறுத்தவர்கள், தம் நாட்டின் பண்ட வழிபாட்டைச் சலித்தவர்கள், வெறும் சோம்பேறிகள் என எல்லாரும் அதில் இருந்தனர். பெருவிடுதியின் கட்டணம் அவர்களுக்கு எட்டாதது. கூட்டாவின் மீனவரும் சிறு உழவரும் தமது மனையில் ஓரறையை ஒழித்துக் கொடுத்தனர். ‘லொஸ்மென்’ எனப்பட்ட இக்குடும்ப விடுதிகள் 1970களிற் பெருகின. அறையைப் பெருக்கினவளும் வாழைப்பழ ரொட்டி சுட்டவளும் கணக்கு வைத்தவளும் வீட்டுப் பெண்ணே. 1971இல் உளுவாத்து முனையின் பேரலைகளிற் படமாக்கப்பட்ட ஆஸ்திரேலியத் திரைப்படம் ஒன்று 1972இல் வெளியாகவே, அலைச்சறுக்கர்களும் திரண்டனர்.

நியாயத்தை நியாயமாகக் கூறுதல் வேண்டும். பெருந்திட்டம் எளியோருக்குத் தராததை இம்மலிவுப் பயணிகள் தந்தனர். இடைத்தரகரும் வங்கியும் இன்றி, பயணியின் காசு நேரே வீட்டுக்காரரின் கைக்குச் சென்றது. உழவுக்கு உதவாத மணற்றரையைப் பங்காகப் பெற்ற குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. வேலியிட்ட நூசா டுவாவிற் பாலியர் வேலையாள். தன் லொஸ்மெனில் அவர் வீட்டுக்காரர். இவ்வேறுபாடு சிறிதன்று.

இரண்டாவது தம்பதியர் ஒருவரையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். டோனி வீலரும் மோரீன் வீலரும் 1972இல் இலண்டனிலிருந்து பழைய சிற்றுந்து ஒன்றிற் புறப்பட்டு, ஆசியாவைக் கடந்து, பாலியை அடைந்தனர். அங்கிருந்து ஒரு பாய்க்கப்பலில் மேற்கு ஆஸ்திரேலியக் கரை சேர்ந்தனர். சிட்னி நகரை அடைந்தபோது அவர்களிடம் எஞ்சியது 27 சதம் என்பது அவர்களே கூறிய செய்தி. 1973இல் தம் அநுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டனர். மலிவாக ஆசியாவைக் கடப்பது எப்படி என்பதே அதன் பொருள். அச்சிறு நூலிலிருந்து தொடங்கிய ‘லோன்லி பிளானெட்’ உலகப் பெரும் பதிப்பகமாயிற்று, 2007இல் பி.பி.சி.யின் வணிகப் பிரிவு அதன் பெரும்பங்கை வாங்கியது. 2013இல் ஓர் அமெரிக்க நிறுவனம் ஐந்து கோடிப் பவுணுக்கு மேல் கொடுத்து அதனைக் கொண்டது. சந்தையை விட்டு விலகிச் சென்ற நடைபாதையைச் சந்தை எவ்வாறு தனதாக்கிக் கொள்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? ஒரு தம்பதியர் பேராசையால் விளைந்ததன்று இது. இலாபம் விளையும் இடத்தை மூலதனம் தேடிச் செல்லும். அங்கே முதலில் நடந்து சென்றவர் அதன் வழிகாட்டியாவர்.

கூட்டாவிலும் அதுவே நிகழ்ந்தது. 1980களின் பிற்பகுதியில் முதலீட்டுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஜகார்த்தாவின் பெருமூலதனம், ஆட்சியாளரின் உறவினரும் நண்பரும் அடங்கலாக, கரையோரத்துக்கு வந்தது. லொஸ்மெனுக்குப் பக்கத்தில் மாடிக் கட்டடங்கள் எழுந்தன. நிலத்தின் விலை ஏறவே, விற்றவரும் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டவரும் பலர். சாவா, லொம்பொக் முதலிய தீவுகளிலிருந்து வந்த ஏழைகள் கட்டடக் கூலிகளாயினர். தாத்தன் வீட்டுக்காரராய் இருந்த இடத்திற் பேரன் சீருடை அணிந்து சாமான் சுமக்கிறான். இம்மாற்றத்தை எதிர்த்துக் குரலெழுப்ப உழவர் அமைப்போ தொழிலாளர் அமைப்போ இருந்ததா? அவற்றின் எலும்புகள் மணலில் இருந்தன.

இறந்தோரோடு ஆட்சி அமையவில்லை. அவர்தம் பிள்ளைகளும் சந்தேகத்துக்குரியோராயினர். சுற்றம் ‘தூய்மையானது’ என்று சான்று காட்டாதவர் அரச வேலை பெறமுடியவில்லை. 1981இல் வெளியான உள்நாட்டு அமைச்சின் கட்டளை, முன்னாட் கைதிகள் ஆசிரியராகவோ விரிவுரையாளராகவோ பத்திரிகையாளராகவோ தொழில்புரிவதைத் தடுத்தது. ஆட்சி எதற்கு அஞ்சிற்று என்பதை இத்தொழில்களின் பட்டியலே காட்டும். பாடநூலில் 1965 என்பது கட்சியின் துரோகமாக மட்டும் எழுதப்பட்டது. ஒரே ஊரில், ஒரே கோயில் வட்டத்தில், கொன்றவர் குடும்பமும் கொல்லப்பட்டவர் குடும்பமும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தன, ஒரே விழாவுக்குப் பூக் கட்டின, ஒன்றும் பேசவில்லை. பயணி கண்டு வியந்த ஒற்றுமை இதுவே.

2002 ஒக்தோபர் 12ஆம் நாள் இரவு, கூட்டாவின் லெகியான் வீதியில், இரு கேளிக்கைக் கூடங்களிற் குண்டுகள் வெடித்தன. 202 பேர் மாண்டனர். ஆஸ்திரேலியர் 88 பேர். இந்தோனேசியர் 38 பேர். ஏனையோர் பல நாட்டினர். பெரும்பாலோர் இளைஞர், விடுமுறைக்கு வந்தோரும் அவர்களுக்குப் பணிசெய்தோரும். மதத்தின் பெயரால் நிகழ்ந்த அக்கொடுமைக்கு எவ்வித நியாயமும் இல்லை. அவ்விடத்தில் இன்று ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. கருங்கல்லில் ஒவ்வொருவர் பெயரும் அவரவர் நாட்டின் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் உறவினர் வந்து மலர் வைக்கின்றனர். அது வேண்டற்பாலதே, கொல்லப்பட்ட மனிதரின் பெயரைக் கல்லில் எழுதுவது நாகரிகத்தின் கடமை.

அக்கடமையைக் கடமை என நாம் ஏற்பதனாலேயே அடுத்த வினாவைக் கேட்க வேண்டியுள்ளது. அதே கரையில் 202 பேருக்குக் கல் உண்டு. 80,000 பேருக்கு ஏன் இல்லை? இறந்தோருள் உயர்ந்தோர் தாழ்ந்தோர் உண்டோ? பெயர் பொறிக்கப்பட்டோரைக் கொன்றவர்கள் அரசின் எதிரிகள். பெயர் பொறிக்கப்படாதோரைக் கொன்றது அரசின் இராணுவமும் அதன் துணைவரும். வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

ஆயினும் மௌனம் முற்றாக வென்றுவிடவில்லை. தென்பசார் நகரின் கெசிமான் பகுதியில், 1965இல் உறவினரை இழந்த ஒரு குடும்பத்தின் இளையோர், தமது மனையின் முற்றத்தில் 2005ஆம் ஆண்டு ஒரு சிறு பூங்காவை அமைத்தனர். ‘தாமான் 65’ என்பது அதன் பெயர். அறுபத்தைந்தின் தோட்டம் என்பது பொருள். அங்கே இளைஞர் கூடிப் பேசினர். சிறையிலே கைதிகள் பாடிய பாடல்களைத் தேடி 2015இல் இசைத்தட்டாக வெளியிட்டனர். அதே 2015இல், உபுத் நகரில் ஆண்டுதோறும் நிகழும் எழுத்தாளர் விழாவில் 1965 பற்றிய அமர்வுகள் அதிகாரிகளின் நெருக்குதலாற் கைவிடப்பட்டன. ஐம்பது ஆண்டு கழிந்தும் அச்சம் யார் பக்கம் இருந்தது என்பதை நோக்குக. 2023 ஜனவரியில் ஜனாதிபதி ஜோகோ விடோடோ, 1965-66 நிகழ்ச்சிகள் உட்படப் பன்னிரண்டு நிகழ்ச்சிகளிற் கடுமையான மனித உரிமை மீறல்கள் இடம்பெற்றன என ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். வழக்கு எதுவும் தொடரவில்லை. எனினும் ஒப்புக்கொண்டமை ஒரு வாயிலைத் திறந்தது. அவ்வாயிலைத் தட்டியவர்கள் அத்தகைய முற்றங்களில் இருந்த சாதாரண மனிதரே.

நிலத்தைப் பற்றிய குரலும் மீண்டும் எழுந்தது. கூட்டாவுக்கு அணித்தே உள்ள பெனோவா விரிகுடாவைத் தூர்த்து விடுதிகள் அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2013 தொடக்கம் மீனவரும் மாணவரும் இசைக்கலைஞரும் ஊர்ச்சபைகளும் வீதியில் இறங்கினர். கட்டுமானத்துக்கு இடங்கொடுத்த 2014ஆம் ஆண்டின் ஜனாதிபதி ஆணையும் அவர்களைப் பின்வாங்கச் செய்யவில்லை. 2018இல் அத்திட்டத்தின் இட அநுமதி காலாவதியாயிற்று. ஒரு தலைமுறைக்குமுன் நினைக்கவும் அஞ்சியதை அம்மக்கள் செய்தனர். பின்னர் வந்த கொள்ளைநோய்க் காலம் இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. 2019இல் 62 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் வந்த பாலிக்கு 2021ஆம் ஆண்டு முழுவதிலும் வந்தோர் ஐம்பதின் அளவே. வேலையிழந்தோர் ஊர் திரும்பினர், கடற்பாசி வளர்த்தனர், தந்தையின் வயல் விற்கப்படாதிருந்தவன் சோறுண்டான். 2024இல் வருகை மீண்டும் 63 இலட்சத்தை எட்டியது. பாடம் மறக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் இலங்கையிலிருந்து நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சானூரிற் பத்து மாடி விடுதி திறந்த அதே 1966இலேயே நமது தீவிலும் உல்லாசப் பயணச் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. அவ்வாண்டு இங்கு வந்த பயணிகள் 18,969 பேர். 2018இல் வந்தோர் 23 இலட்சத்துக்கும் மேல். நமது கரைகளிலும் முதுகுப்பை சுமந்த தம்பதியர் வந்திறங்குகின்றனர். மீனவர் மனைகளில் அறை எடுக்கின்றனர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின், கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என மீனவருக்கு விதித்தபோது விடுதிகளுக்கு இடம் எவ்வாறு கிடைத்தது என்பதையும் நாம் கண்டோம். 1971இலும் 1989இலும் தென்னிலங்கையிலும், 2009இல் முல்லைத்தீவுக் கரையிலும் மாண்டவருட் கல்லிற் பெயர் பெறாதோர் எத்துணையர் என்பதை நமது ஆசிரியரும் மாணவரும் அறிவர். கூட்டாவின் கதை நமக்கு அந்நியமானதன்று.

பயணியை வெறுப்பதால் இதற்குத் தீர்வு பிறவாது. வீட்டுக்காரராய் இருக்கும் குடியானவர் வீட்டுக்காரராகவே நிலைக்க வழிசெய்தல், விடுதித் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையைக் காத்தல், கரைநிலத்தை விற்பனைப் பண்டமாகாது தடுத்தல் ஆகியவை அரசியற் கடமைகள். ஆசிரியருக்கு உரிய கடமை ஒன்றும் உண்டு: ஒவ்வொரு கரையின் வரலாற்றையும், வழிகாட்டி நூல் விட்ட பக்கங்களோடு சேர்த்து, வகுப்பறையிற் கற்பிப்பது. 1981ஆம் ஆண்டின் அக்கட்டளை ஆசிரியனுக்கு அஞ்சியதன் காரணம் இதுவேயாகும்.

விடியற்காலையிற் கூட்டாவின் விடுதி வாயிலில் அப்பெண் வைக்கும் பூத்தட்டைப் பயணிகள் படம் பிடிக்கின்றனர். தேவருக்கும் மூதாதையருக்கும் படைப்பது அங்கு வழக்கம். அவள் பாட்டன் யாவன், அவன் 1965இல் எங்கிருந்தான் என்று கேட்பார் இல்லை. அவள் தானாகவே சொல்லத் துணியும் நாள் வரும்போது, அத்தம்பதியர் அமர்ந்து கேட்பாராயின், அவர்கள் கண்டது வெறும் கடற்கரையாக இராது. ஒரு நாட்டைக் கண்டவராவர்.